அப்பா செய்த ஒல்லிப் பெட்டிகள்

கேசட் காலத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பென்சிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். நாடா சிக்கியது, பென்சிலைச் செருகிச் சுற்றினோம், அந்தச் சுகம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வருமா என்று ஒரு பாட்டம் புலம்பித் தீர்க்கிறோம். நம் பள்ளிக்கூடக் குழுவில் போன வாரமும் யாரோ அந்தப் பென்சில் படத்தைப் போட்டிருந்தீர்கள். எனக்குச் சலித்துவிட்டது. பென்சில் கிடக்கட்டும், அந்தப் பாட்டெல்லாம் எதன் வழியாக வெளியே வந்தது? அந்த ஸ்பீக்கர் பெட்டிகளைப் பற்றி ஒருவராவது வாய் திறக்கிறீர்களா? நான் திறக்கிறேன். நான் ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எங்கள் ஊரான கணபதியில் அப்போது எங்கள் வீதியில் பாதி வீடு வீடு, பாதி பட்டறை. ஒரு வீட்டில் லேத்து ஓடும், அடுத்த வீட்டில் டிரில்லிங் மிஷின், அதற்கடுத்த வீட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவார்கள். காலையில் கரண்ட் வந்ததும் வீதியே ஒரு தரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கிளம்பும். லேத்தில் ஊற்றுகிற எண்ணெய்த் தண்ணீர் சாக்கடையில் பால்போல ஓடும். இரும்புச் சுருள் குத்தாமல் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தால் அது அதிசயம். அந்தச் சத்தத்தில்தான் நான் படித்தேன், அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன். பரீட்சையில் வாங்கிய மார்க்குக்கும் அதைத்தான் காரணமாகச் சொன்னேன்.

அப்பா பேட்டர்ன் வேலைக்காரர். பம்பு வார்ப்பதற்கு முன்னால் அந்தப் பம்பை அப்படியே மரத்தில் செய்யவேண்டும். அந்த மரத்தை மண்ணில் அழுத்தி எடுத்து, பதிந்த பள்ளத்தில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள். அந்த மர அச்சைச் செய்கிறவர்தான் அப்பா. இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் மரத்தை எப்போதும் கொஞ்சம் பெரிதாகச் செய்யவேண்டும். இந்தப் பழக்கம் அவருக்கு உடம்பில் ஊறிவிட்டது. என் பாவாடைக்கு அளவு சொன்னாலும் ஒரு விரற்கடை சேர்த்துச் சொல்வார். நான் சுருங்கவில்லை, வளர்ந்தேன், அதனால் பிழைத்தேன். வேலையில் அவருக்கு ரோஷம் அதிகம். ஒரு நூல் அளவு பிசகினாலும் முழுதாகத் தூக்கிப்போட்டு மறுபடி ஆரம்பிப்பார். யாராவது அவர் வேலையைக் குறை சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குக் காது மந்தம். கல்யாணத்துக்கு முன்னால் மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை செய்தவள். நூல் நூற்கிற மிஷின்கள் வரிசையாக ஓடும் அந்தக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவளிடம் ஒன்று சொல்லவேண்டுமென்றாலும் கையைத்தான் ஆட்டவேண்டுமாம். அங்கே வருஷக்கணக்கில் நின்றதில் காது போயிற்று. முழுதாகப் போகவில்லை, அதுதான் தொல்லை. சத்தம் கேட்கும், வார்த்தை பிரியாது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்து முக்கால்வாசி பிடித்துவிடுவாள். முதுகுக்குப் பின்னால் பேசினால் ஒன்றும் நடக்காது. அதனால் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் முதுகைக் காட்டிப் பேசமாட்டோம். அப்பா கூடத்திலிருந்து அடுக்களைக்குக் குரல் கொடுத்து நான் கேட்டதே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றாலும் எழுந்து வந்து அம்மாவின் முகத்துக்கு எதிரே நின்றுதான் கேட்பார். எல்லா அப்பாக்களும் அப்படித்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் போன வீட்டில் தெரிந்துகொண்டேன், அப்படி இல்லை என்று.

இந்தக் காது விஷயம் வெளியே போகக்கூடாது. முக்கியமாக மாமாவின் காதுக்குப் போகவே கூடாது. மாமா அம்மாவின் அண்ணன். அவர் ரேடியோ ரிப்பேர் படிக்கிற செலவுக்காகத்தான் அம்மா அன்றைக்கு மில்லுக்குப் போனாள். படித்து முடித்துக் காந்திபுரத்தில் கடை போட்டு, ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கருமாக நன்றாக வந்துவிட்டார். "எங்கண்ணனுக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா மனசு உட்டுப்போடுவாருங்க. கடையப் பூட்டிட்டு உக்காந்துக்குவாரு" என்று அம்மா அப்பாவிடம் சொல்வாள். என்னிடம் சொல்லும்போது இன்னும் சுருக்கம்: "கண்ணு, மாமாகிட்ட வாயத் தொறந்தயின்னா பாத்துக்க."

மாமா பேசினால் அடுத்த வீதி நாய் எழுந்து உட்காரும். அத்தனை பெரிய குரல். "கடையில எந்நேரமும் பாட்டுக் கத்திட்டே கெடக்குதுங்க, தொண்ட இப்படியே பழகிப்போச்சு" என்பார். எங்கள் புதுவீட்டுக்கு அவர் கொடுத்த சீர் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். ஒவ்வொன்றும் என் தோள் உயரம், இரண்டு ஆள் அகலம். ஒரு பெட்டிக்கு மூன்று ஸ்பீக்கர், சுற்றிலும் ஓடுகிற சிவப்பு பச்சை லைட்டு. போட்டால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஜதி போடும், மேளச் சத்தம் வயிற்றில் இடிக்கும். "எப்படி இருக்குது அம்மணி?" என்று மாமா கேட்டால் அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். அவளுக்குக் கேட்டது இடி மட்டும்தான். இடிக்கு நடுவில் யாரோ ஏதோ பாடுகிறார்கள் என்பதோடு சரி.

அந்த வருஷம் ஆடிக்கு முன்னால் அப்பாவின் பம்பு முதலாளி புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினார். வீட்டில் தெலுங்கு பேசுகிற பெரிய குடும்பம். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நோட்டுப் புத்தக அகலத்தில் இரண்டு மரப்பெட்டிகள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஸ்பீக்கர். முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியதாம். அதில் ஒரு பெண் குரல் பக்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. மேளம் கொட்டி யாரையும் மிரட்டாத பாட்டு. அம்மா பாயச டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டிக்கு எதிரே நின்றவள் நின்றவள்தான். பாயசத்தில் ஆடை கட்டிவிட்டது. பரிமாறுகிறவர்கள் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு வெட்கமாகப் போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

வீட்டுக்கு வந்து மொபெட்டை நிறுத்தியதும் அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "ஏனுங்க, அந்தப் பாட்டுல ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டுதுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அப்பா மொபெட்டின் ஸ்டாண்டை மறுபடியும் ஒரு தரம் போட்டார், ஏற்கெனவே போட்டிருந்ததை. மறுநாள் வேலை முடிந்ததும் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போய் அந்தப் பெட்டிகளை மேலும் கீழும் அளந்துகொண்டு வந்துவிட்டார்.

ஸ்பீக்கருக்கு மாமா கடைக்குத்தான் போகவேண்டும். நானும் கூடப் போனேன். மாமா முதலில் நம்பவில்லை.

"ரெண்டே ரெண்டா மாப்ள? ஒரு பொட்டிக்கே மூணு வேணுமுங்களே!"

"ஒண்ணு போதுமுங் மச்சான். ஃபாரின்ல இப்ப இதுதான் டிசைனு."

"நான் குடுத்த பொட்டிக்கு என்னுங்க கேடு?"

"அதுக்கொண்ணுமில்லீங். சும்மா, மரம் கொஞ்சம் மீதி கெடந்துது."

மாமா மேலும் கீழும் பார்த்துவிட்டு, பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய காகிதக் கோன் வைத்த ஸ்பீக்கர்கள் இரண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பெரிய கோனுக்கு நடுவில் கம்மல் மாதிரி ஒரு சின்னக் கோன், அதற்கு நடுவில் ஒரு குமிழ். மரம் மீதி கிடந்தது என்று அப்பா சொன்னது பச்சைப் பொய். நல்ல தேக்காகப் பார்த்து வாங்கி வந்து அடுக்கியிருந்தார்.

ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வீசுகிற வீச்சில் எங்கள் வாசலில் இழைத்த மரத்தூள் வீதியெல்லாம் பறந்தது. எதிர் வீட்டுத் தையல்கார அக்கா காயப்போட்ட துணியெல்லாம் மஞ்சள் பொடி தூவியது போலாகி, அவள் தினமும் ஒரு பாட்டம் அப்பாவைத் திட்டினாள். மரத்தை ஒட்ட வச்சிரம் காய்ச்சுகிற நாற்றம் சோற்றில் ஏறியது. பழக்கதோஷத்தில் பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக அறுத்துவிட்டு, "இது சுருங்காதுல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அப்பா மறுபடி இழைத்துக் குறைத்தார். உள்ளே திணிக்க மில்லுக் கழிவுப் பஞ்சு வந்தது. அதைப் பிய்த்து உதறிக் கொடுத்தது என் வேலை. தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம்.

"எதுக்குப்பா ஒண்ணே ஒண்ணு? மூணு வெச்சா நல்லாக் கேக்காதா?" என்று கேட்டேன்.

அப்பா உளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மூணு பேரு ஒரே நேரத்துல பேசுனா உங்கம்மாவுக்கு என்ன புரியும் சாமி? ஒரே வாயில இருந்து வரோணும். அப்பத்தான் எதுக்க நின்னு ஒருத்தர் பேசற மாதிரி இருக்கும்."

பெட்டிகள் தயாராகி, எண்ணெய் தேய்த்து வாசலில் நிறுத்தியபோது தையல்கார அக்கா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அம்சமா இருக்குதுங்க. கெடியாரத்த எப்ப வெக்கப் போறீங்க?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த உயரத்துக்கும் ஒல்லிக்கும் முள் ஓடுகிற பெண்டுல கடிகாரம்தான் யாருக்கும் நினைவுக்கு வரும்.

மாமாவின் பெட்டிகள் மாடிப்படிக்கு அடியில் போயின. அவற்றின் மேல் அரிசி டிரம்மை ஏற்றினாள் அம்மா. ஒல்லிப் பெட்டிகள் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்றன. எங்கள் டேப் ரெக்கார்டரோடு ஒயரை இணைத்துவிட்டு அப்பா, "என்ன பாட்டுப் போடட்டும் புள்ள?" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே நின்று கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டிய நாளிலிருந்து அவள் முனகுகிற ஒரு மெட்டு உண்டு. அந்தப் பாட்டைப் போடச் சொன்னாள்.

பாட்டு ஓடியது. அம்மா பாயில் உட்கார்ந்து கேட்டாள். முகம் மலர்ந்தது. பிறகு புருவம் சுருங்கியது. இரண்டாவது சரணத்தில் எழுந்தே விட்டாள்.

"அடப் பாவிகளா! அந்தப் புள்ள தண்ணி வாத்துக் குளிக்கறத இவன் மரத்து மேல ஏறி உக்காந்து பாக்கறானாமே! இதயா பாடி நான் கொழந்தயத் தூங்க வெச்சேன்?"

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. அத்தனை சிரிப்பா என்று நான் நினைத்தேன். அது முழுக்கச் சிரிப்பில்லை என்று இப்போது தெரிகிறது.

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. சமையல் முடிந்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டிகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடுவாள். பாட்டு எழுதினவர்கள் எல்லோரோடும் சண்டை. ஒருவன் ஒரே பெண்ணை நிலவு என்றும் நெருப்பு என்றும் சொன்னதற்கு, "ஏதாச்சும் ஒண்ணச் சொல்லித் தொலையறதுதான?" என்று பெட்டியையே கேட்பாள். ரேடியோவைப் போட்டால் செய்தி வாசிக்கிறவர் சொல்வதும் கேட்டது. இன்றைக்கு மழை வரும் என்று வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுத் தையல்கார அக்காவிடம் போய்த் தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னாள். மழை வரவில்லை. அதற்கும் அம்மாவுக்குக் கோபம் வந்தது. காதில் விழுந்த செய்தியை நம்பி ஏமாறுவது அவளுக்குப் புது அனுபவம், அதையும் சந்தோஷமாகத்தான் அனுபவித்தாள்.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். அந்தப் பெட்டிகள் கத்தின. பெண் குரல் மேலே ஏறினால் ஊசி மாதிரி குத்தும். வயலின் வந்தால் நான் திண்டுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வேன். எந்த இடத்தில் எங்களுக்குக் குத்தியதோ அந்த இடத்தில்தான் அம்மாவுக்கு வார்த்தை பிரிந்தது. அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். பஞ்சைக் கூட்டிப் பார்த்தார், பெட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தார். நமக்கு இனித்தால் அவளுக்கு மங்கியது. கடைசியில் கத்தினால் கத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

மாமா வந்தார். வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அவருடைய பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அரிசி டிரம். அதைத் தாண்டி வந்து உட்கார்ந்து ஒல்லிப் பெட்டிகளைக் கேட்டார், ஒரு பாட்டு முடிவதற்குள் காதில் விரலை விட்டுக் குடைந்தார்.

"ஏனுங் மாப்ள, பொம்பள பாடறாளா, இல்ல கோழியப் புடிச்சுக் கழுத்தத் திருகறாங்களா?"

"ஃபாரின் டிசைனுங், அப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பா.

அன்றோடு விடவில்லை மாமா. ஒறம்பரை, சொந்தபந்தம் கூடுகிற இடத்திலெல்லாம் அதே பேச்சு. ஒரு காதுகுத்துச் சீரில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, ஒத்தக் கண்ணுப் பெட்டி ஒன்று எங்கள் மாப்பிள்ளை செய்திருக்கிறார், அதைப் போட்டால் கணபதியில் காக்காய் தங்காது என்று ஊர் கேட்கச் சொன்னார். இலைக்கு இலை சிரிப்பு. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நூல் பிசகினால் சோறு இறங்காத மனுஷர், அன்றைக்கு இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பாவுக்கு ரோஷம் போய்விட்டது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய் துறுதுறுத்தது. பக்கத்து இலையிலிருந்து அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வடையை வாயில் திணித்துக்கொண்டேன்.

இப்படியே புரட்டாசி வந்து, காலாண்டு லீவு விட்டு, ஆயுத பூஜையும் வந்துவிட்டது. எங்கள் வீதியில் தீபாவளியைவிட அதுதான் பெரிது. வருஷமெல்லாம் கத்துகிற மிஷின்கள் அன்றைக்கு ஒன்றுகூட ஓடாது. எண்ணெய்க் கசடு போகக் கழுவித் துடைத்து, வாழைக் கன்று கட்டி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்துவார்கள். வீதியில் பூசணிக்காய்ச் சிதறலும் பொரியும்தான் காலில் மிதிபடும். பூஜை வைத்த ஆயுதத்தை அன்று யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று எடுத்து ஓட்டவேண்டும். அப்போதும் வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை, தானாக உதிர்ந்தால்தான் உண்டு. லேத்துகள் எல்லாம் மாசக்கணக்கில் நெற்றிப் பொட்டோடுதான் ஓடும்.

அம்மா வீட்டில் ஒன்றையும் விடமாட்டாள். கிரைண்டர், மிக்ஸி, மொபெட், அப்பாவின் உளிகள், கத்தரிக்கோல், அரிவாள்மனை, என் ஜாமிட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம். அந்த வருஷம் சந்தனத்தைக் கல்லில் கெட்டியாக உரைத்து, கடைசியாக ஒல்லிப் பெட்டிகளிடம் வந்தாள். முகம் மாதிரி இருக்கிற அந்தக் கோனைச் சற்று நேரம் பார்த்தாள். மற்றதுக்கெல்லாம் ஒரு விரலால் வைத்தவள், இதற்கு மூன்று விரலில் வழித்து, நட்டநடுவிலிருந்த குமிழின் மேல் பெரிதாக அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தாள். இரண்டு பெட்டிக்கும் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா அப்போது மொபெட்டுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார், இதைப் பார்க்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. வழக்கம்போல மாமா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். வெயிலில் வந்தவர் மோரைக் குடித்துவிட்டுப் பாயில் சாய்ந்தார். "எங்கீங் மாப்ள, கோழியக் கூவ உடுங்க பாக்கலாம்" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே கேசட்டைப் போட்டார்.

பெட்டி கத்தவில்லை. சந்தனம் குமிழின் மேல் காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. அந்தக் கனத்தில் குத்துகிற சத்தமெல்லாம் அடங்கிப்போய்விட்டது. குரல் வழவழவென்று வந்தது, வயலின் குழைந்தது. நான் திண்டைத் தேடவில்லை. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் அப்பாவின் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"மாப்ள! என்னுங்க செஞ்சீங்க? தேனாட்டம் பாடுதுங்களே! என்ர கடையில ஒரு பொட்டி இப்படிப் பாடாதுங்க. இத்தன நாளா லொள்ளுப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கே நாலு பேரக் கூட்டியாறேன், கேக்கட்டும்."

அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஆடியிலிருந்து அடக்கி வைத்திருந்த ரோஷமெல்லாம் ஒரே நேரத்தில் குளிர்ந்து, காது நுனி வரை சிவந்துவிட்டார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. மாமா அடுத்த பாட்டைப் போடச் சொன்னார். அப்பா போட்டுவிட்டு, இந்தச் சந்தோஷத்தை அம்மாவோடு பங்குபோட்டுக்கொள்ளத் திரும்பினார்.

அம்மா தூணோரம் நின்று சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பாட்டுக்கு ஏற்றபடிதான் ஆட்டினாள். ஆனால் அவள் கண் பெட்டியின் மேல் இல்லை. மாமாவின் முகத்துக்கும் என் முகத்துக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. நாங்கள் சிரித்தால் சிரித்தாள், நாங்கள் ஆடினால் ஆடினாள்.

அப்பா எழுந்தார். பாட்டை நிறுத்தினார். பெட்டிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் சன்ன உளியை எடுத்து வந்து, அதன் விளிம்பால் அந்தச் சந்தனத்தை மெல்ல மெல்லச் சுரண்ட ஆரம்பித்தார். காகிதம் கிழியாமல், மூச்சை அடக்கிக்கொண்டு சுரண்டினார். பொருக்கு தரையில் உதிர்ந்தது.

"என்னுங் மாப்ள இது! சாமி கும்புட்டு வெச்ச பொட்டப் போயிச் சொரண்டறீங்க! நல்ல நாளு அதுவுமா!"

"எறும்பு வந்துருமுங் மச்சான்."

"சந்தனத்துக்கு எந்த ஊருல எறும்பு வருது? அதுனாலதான் நல்லாப் பாடுதாட்ட இருக்குதுங்க, உட்டுப்போடுங்க!"

"இல்லீங். பழையபடி இருக்கட்டும்."

ஒரு பெட்டி முடிந்தது. அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்குதுன்னு ஒருத்தன் வாயத் தொறந்து சொன்னாப் பொறுக்கலையாங்க உங்களுக்கு? ஊரே சிரிக்கோணும், அதுதான் வேணுங்களா?" என்று சத்தம் போட்டார். அப்பா குனிந்தபடியே சுரண்டினார். புகழ்ச்சி கிடைத்து இன்னும் ஒரு பாட்டு நேரம்கூட ஆகவில்லை, தன் கையாலேயே அதைச் சுரண்டிப் போடுகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது.

மாமா கத்தியது எல்லாம் அம்மாவுக்குக் கேட்டதோ இல்லையோ, அவர் முகம் தெரிந்தது, அப்பாவின் முதுகு தெரிந்தது. அவள் தூணைவிட்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

"அண்ணா, அவர வையாதீங்க. எனக்குக் காது கேக்காதுங்ணா. மில்லுலயே போயிருச்சு. அந்தப் பொட்டி கத்துனாத்தான் எனக்கு வார்த்த புரியும். அதுக்குத்தான் அவரு சொரண்டறாரு."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவின் கை நின்றது. நான் மாமாவைப் பார்த்தேன். இத்தனை வருஷம் எது நடக்கக்கூடாது என்று பயந்துகொண்டிருந்தோமோ அது நடந்துவிட்டது. கடையைப் பூட்டப் போகிறார், சோறு தின்னப் போவதில்லை என்றே முடிவுகட்டிவிட்டேன்.

மாமா எழுந்து வந்து அம்மாவின் முகவாயைப் பிடித்துத் தூக்கினார். தன் முகம் அவளுக்குத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டார்.

"தெரியும் அம்மணி" என்றார். "சென்னிமலைக் கோயிலுக்குப் போனப்ப படியில உன்னைய பின்னால இருந்து கூப்புட்டுக் கூப்புட்டு என்ர தொண்டத் தண்ணி வத்திப்போச்சு. நீ திரும்பவே இல்ல. அன்னைக்கே தெரியும். எனக்காவத்தான காத உட்டுப்போட்டு வந்தே. நாந் தெரிஞ்சமாதிரி காட்டுனா நீ வெசனப்படுவியேன்னு கம்முனு இருந்துட்டேன். பின்னென்னத்துக்கு அத்தாம்பெரிய பொட்டியச் செஞ்சு கொண்டாந்தேன்? சத்தம் எச்சா இருந்தா உனக்குக் கேக்குமின்னு நெனச்சுட்டேன் கண்ணு. நானும் இப்படிக் கத்திக் கத்தியே பேசிட்டுத் திரியறேன்."

எனக்குத் தெரிந்து மாமா மெல்லப் பேசிக் கேட்டது அது ஒன்றுதான். மெல்லப் பேசினாலும் அம்மா அத்தனையையும் அவர் உதட்டில் படித்துவிட்டாள். முதலில் அவளுக்கு அழுகைதான் வந்தது. அப்புறம் பார்த்தால், அழுகைக்கு நடுவிலேயே சிரிக்கிறாள்.

"ரெண்டு பேருமாச் சேந்து என்னைய நல்லா ஏமாத்திப்போட்டீங்க" என்றாள். "ஒருத்தரு ஃபாரின் டிசைனுங்கறாரு. ஒருத்தரு கடைச் சத்தத்துல தொண்ட பழகிப்போச்சுங்கறாரு."

அப்பா ஒன்றும் கேட்காதவர் போல மிச்சப் பொருக்கையும் எடுத்து, வாயால் ஊதித் தள்ளினார். உளியை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்ப் பட்டனை அமுக்கினார். பெட்டிகள் பழையபடி கத்தின. மாமா மூக்கை உறிஞ்சிவிட்டு, தன் வழக்கமான குரலில், "இது எந்தப் படத்துப் பாட்டுங் மாப்ள?" என்று ஆரம்பித்தார். அம்மா பெட்டிகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினாள்.

"அண்ணா, சித்த பேசாம இருங்க. பாட்டுல அந்தப் புள்ள என்ன சொல்றான்னு கேக்கோணும்."